பஸ் நின்ற பிறகு இறங்கியவர்

வத்தலக்குண்டில் இருந்து சேவுகம்பட்டி, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் வந்து திரும்புகிற பேச்சியம்மன் பஸ்ஸில் ஆரோக்கியதாஸ் பதினாறு வருஷமாகக் கண்டக்டர். இந்தப் பதினாறு வருஷத்தில் நின்ற பஸ்ஸில் இருந்து அவர் இறங்கியதே கிடையாது. ஓடுகிற பஸ்ஸில் இருந்துதான் இறங்குவார். அது பெரிய திறமை என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் அந்த பஸ்ஸில் ஏறப் போய்க் கீழே விழுந்தவர்கள்.

காரணம் டிரைவர் கண்ணுசாமி. சேவுகம்பட்டிக்காரர், வயது ஐம்பத்தைந்து, மீசை மட்டும் நாற்பது. பிரேக்கை முழுசாக மிதிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஸ்டாப் வந்தால் வண்டியை உருட்டுவாரே தவிர நிறுத்த மாட்டார். ஏழு நிமிஷம் பின்னால் இன்னொரு கம்பெனி வண்டி வருகிறது. நின்றால் அடுத்த ஸ்டாப் ஆட்களை அவன் அள்ளிவிடுவான். ஆகவே அந்த உருட்டலுக்குள் ஆள் இறங்கி, ஆள் ஏறி, மூட்டை ஏறி, சில்லறைச் சண்டையும் முடிந்திருக்க வேண்டும். அதற்காக ஆரோக்கியதாஸ் முன்கூட்டியே பின்படியில் இருந்து குதிப்பார். வலது காலின் முன்பாதம் தரையில் படும், பஸ்ஸோடு பத்தடி ஓடுவார், ஏற வேண்டியவர்களைத் தூக்கிப் போடுவார், ரெண்டு விசில் அடித்துவிட்டுத் தாவி ஏறுவார். ஒரு வழி போவதை பஸ்காரர்கள் சிங்கிள் என்பார்கள். சிங்கிளுக்குப் பதினாலு ஸ்டாப், நாளைக்கு எட்டு சிங்கிள். கணக்கில் வீக்கானவர்கள்கூடப் பெருக்கிப் பார்க்கலாம். நூற்றிப் பன்னிரண்டு குதி, அத்தனையும் அதே வலது காலில்.

போன ஆடி மாதம் அந்தக் கால் பேச ஆரம்பித்தது. குதிகாலுக்கு ரெண்டு விரல்கடை மேலே, பின்பக்கம், கயிறு மாதிரி ஓடுகிற இடத்தில் வலி. தொட்டுப் பார்த்தால் சுண்டைக்காய் அளவு வீக்கம். காலையில் பாயை விட்டு எழுந்ததும் முதல் பத்தடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். மேட்டுப்பட்டி வீட்டில் சுவர் வெள்ளையடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதில் அவர் கை வரிசையாகப் பதிந்து கிடப்பதைப் பார்த்துத்தான் மனைவி அமலோற்பவத்துக்கு விஷயமே தெரிந்தது.

ஆனால் இது ஒரு கேடி வலி. காலையில் உயிரை எடுக்கும், கால் சூடேறினால் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும், சாயங்காலம் உட்கார்ந்து எழுந்ததும் திரும்பி வரும். முதல் சிங்கிள் முடிவதற்குள், ஒன்பது மணி வாக்கில், சுத்தமாகக் காணாமல் போய்விடும். அதனால் அன்றைக்குக் காலையில் என்ன வைத்தியம் செய்தாரோ அதற்குப் பேர் கிடைத்தது. அமலோற்பவம் செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்கிலை பரப்பி, மிதி என்றார். மிதித்தார். ஒன்பது மணிக்கு வலி இல்லை, செங்கல் பாஸ். அடுத்த வாரம் சுளுக்கு வழிக்கிறவர் ஒருவர் விளக்கெண்ணெய் போட்டுக் கட்டைவிரலால் அந்தக் கயிற்றைப் பிசைந்து இழுத்தார். ஆரோக்கியதாஸ் கர்த்தரைக் கூப்பிட்டார். ஒன்பது மணிக்கு வலி இல்லை, விளக்கெண்ணெயும் பாஸ். பிறகு மெத்துமெத்தென்று எம்.சி.ஆர். செருப்பு வாங்கினார், அதுவும் பாஸ். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். முடக்கத்தான் ரசம், ஆட்டுக்கால் சூப், உப்புத் தண்ணீர். ஒருத்தர் உப்பைக் குறைக்கச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தார். எல்லா மருந்தும் ஜெயித்தது. கால் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது.

புரட்டாசியில் பத்து நாள் லீவு போட்டார். பொம்மையன் என்கிறவர் ஆக்டிங் கண்டக்டராக வந்து பையை மாட்டிக்கொண்டார். பத்து நாளில் வலி போயே போய்விட்டது. பதினோராம் நாள் வந்து முதல் ஸ்டாப்பில் குதித்தார். அதோடு பத்து நாள் ஓய்வும் ரோட்டில் கொட்டிவிட்டது.

இதில் பெரிய சங்கடம் பொம்மையன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. முப்பது வயது, முகம் சுளிக்காத ஆள், முயல் மாதிரி குதிப்பார். தனியார் பஸ்ஸில் கண்டக்டர் பை ஒருத்தர் தோளில் இருந்து இன்னொருத்தர் தோளுக்குப் போனால் திரும்பி வருவது அபூர்வம். நாற்பத்தேழு வயசில், நொண்டுகிற காலோடு, வேறு எந்த முதலாளியும் ஆரோக்கியதாஸைக் கூப்பிட மாட்டார். வேறு வேலையும் அவருக்குத் தெரியாது. ஆகவே லீவு முடிந்து வந்த பிறகு, கால் குணமாகிவிட்டது என்று சொல்லி வலியை மறைத்தார். முக்கியமாகக் கண்ணுசாமியிடம் மறைத்தார். இத்தனை வருஷமாக அவர்கள் ரெண்டு பேரும் விசிலில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒன்று என்றால் நிறுத்து, ரெண்டு என்றால் போ. கால் வலிக்கிறது என்பதற்கு விசில் கிடையாது. வாயால் சொல்லலாம்தான். ஆனால் கண்ணுசாமியைப் பார்த்து பிரேக்கை மிதியுங்கள் என்று சொல்வது, சாமியாடியைப் பார்த்துச் செத்த நேரம் உட்கார்ந்து ஆடுங்கள் என்று சொல்வது மாதிரி.

கார்த்திகையில் ஒரு காலை. சேவுகம்பட்டி ஸ்டாப்பில் பூக்காரப் பெருமாயி மல்லிகை மூட்டையோடு நின்றார். தினமும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர். ஆரோக்கியதாஸ் குதித்தார், மூட்டையைத் தூக்கி உள்ளே போட்டார், பெருமாயியையும் ஏற்றினார். தாவி ஏற வேண்டிய நேரத்தில் கால் மாட்டேன் என்றுவிட்டது. ஓடிப் பார்த்தார். ரெண்டடிக்கு மேல் ஓட்டம் வரவில்லை. பஸ்ஸுக்குள் பெருமாயி திரும்பிப் பார்த்தார். கண்டக்டரைக் காணோம். முன்படியில் ஏறியிருப்பார் என்று அவராகவே முடிவு செய்தார். நேரமானால் பூ வாடிவிடும். ரெண்டு விரலை வாயில் வைத்து ரெண்டு விசில் அடித்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல விசில். கண்ணுசாமி கண்ணாடியை நம்பாவிட்டாலும் விசிலை நம்புகிறவர். வண்டி பறந்தது.

செம்பட்டி வரைக்கும் கண்டக்டர் இல்லாமலே போனார்கள். உள்ளே ஒருத்தருக்கும் வாய் திறக்க மனசு வரவில்லை. டிக்கெட் கேட்க ஆள் இல்லாத பஸ்ஸில் போவது எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆரோக்கியதாஸ் பால்காரர் ஒருவரின் டி.வி.எஸ்.ஸில், ரெண்டு கேனுக்கு நடுவே உட்கார்ந்து வந்து சேர்ந்தார். அவருக்காகக் காத்திருந்ததில், பஸ் செம்பட்டியை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் தவறிவிட்டது. அன்று மத்தியானமே முதலாளி இளஞ்செழியன் போன் பண்ணினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. செம்பட்டி டைம் இன்னும் ரெண்டு தடவை தப்பினால் பையைப் பொம்மையனிடம் கொடுத்துவிடலாம் என்று நிதானமாகச் சொன்னார்.

மறுநாள் ஆரோக்கியதாஸ் நாகல் நகரில் ஒரு டாக்டரிடம் போனார். கேட்டது ஒன்றுதான், வலிக்கிற இடத்தில் ஒரு ஊசி. டாக்டர் அந்த இடத்தில் ஊசி போட மாட்டேன் என்றார். ஊசி போடாத டாக்டரை ஆரோக்கியதாஸ் அதற்கு முன் பார்த்ததில்லை. படித்தவர்தானா என்று சுவரில் சர்ட்டிபிகேட்டைத் தேடினார். டாக்டர் அவரை அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே பிசியோதெரபி பார்க்கிற சத்யபிரியா இருந்தார். தாடிக்கொம்புப் பக்கம், தென்னந்தோப்புக்காரர் மகள். குப்புறப் படுக்கச் சொன்னார், கெண்டைக்காலை அமுக்கிப் பாதம் அசைகிறதா என்று பார்த்தார், சுண்டைக்காயைத் தொட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குதிப்பீர்கள் என்று கேட்டார். நூற்றிப் பன்னிரண்டு என்றதும் எழுதுகிற பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லவேளை, அறுந்து போகல. இது நரம்பு இல்லண்ணே. கெண்டைச் சதையக் குதிகாலோட இழுத்துக் கட்டியிருக்க கயிறு. தேங்கா நார்க்கயிறு மாதிரி உள்ளுக்குள்ள புரி புரியா இருக்கும். நீங்க குதிச்சுக் குதிச்சுப் புரி நைஞ்சு போயிருக்கு."

"அப்ப ஒரு ஊசியப் போட்டு விட்டா என்ன தாயி?"

"வலி தெரியாது. தெரியாமக் குதிப்பீக. ஒருநா டப்புன்னு அறுந்துரும். அறுந்தா ஆபரேசன், அப்புறம் மாசக்கணக்கா வீடுதான். பரவால்லயா?"

ஆரோக்கியதாஸ் சர்ட்டிபிகேட் தேடுவதை நிறுத்தினார்.

அவர் இதுவரை பாஸ் போட்டிருந்த மருந்துகளை எல்லாம் சத்யபிரியா பெயில் போட்டார். கால் சூடேறினால் வலி தானாகவே மறையும், அதில் செங்கல்லுக்குப் பங்கில்லை. நைந்த இடத்தைப் பிசைந்து இழுப்பது இன்னும் நைய வைக்கும். தட்டைச் செருப்பு கயிற்றை இன்னும் இழுக்கும். குதிகால் கொஞ்சம் உயர்ந்த ஷூ வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஒரு ரப்பர் துண்டாவது வேண்டும். சும்மா படுத்திருந்தாலும் ஆகாது. நார்க்கயிற்றை மூலையில் போட்டால் மூலையிலேயே கிடக்கும், ஆனால் சதைக்கயிறு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றினால் புதுப் புரி விடும். இப்படித்தான் அவர் விளக்கினார். பிறகு படியோரத்தில் நின்று செய்து காட்டினார். முன்பாதம் மட்டும் படியில், குதிகால் அந்தரத்தில். ரெண்டு காலாலும் எக்கி மேலே போக வேண்டும், நல்ல காலை எடுத்துவிட வேண்டும், வலிக்கிற காலால் மட்டும் மெதுவாக, ரொம்ப மெதுவாக, கீழே இறங்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும். செய்யும்போது பத்துக்கு மூன்று பங்கு வலிக்கலாம். மறுநாள் காலை வலி கூடினால் குறைக்க வேண்டும், கூடாவிட்டால் தொடரலாம். பன்னிரண்டு வாரம். அது வரை ஒரு குதிகூடக் கூடாது.

மற்றதெல்லாம் சரி. கடைசி வாக்கியத்தைத்தான் ஆரோக்கியதாஸ் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு நொண்டினார்.

மறுநாள் வத்தலக்குண்டு ஸ்டாண்டில் கண்ணுசாமி பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆரோக்கியதாஸ் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைக் கனைத்து, எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். நாலாவது வாக்கியத்தில் பிரேக் என்ற சொல் வந்தது. கண்ணுசாமி வாயில் இருந்ததை மென்று முடித்தார். தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக இருந்த உருளைக்கிழங்கையும் முடித்தார்.

"எத்தன வாரம்?"

"பன்னெண்டுண்ணே."

"ஏறு. நேரமாச்சு."

அவ்வளவுதான். கோபமா, சம்மதமா என்று ஆரோக்கியதாஸுக்கு விளங்கவில்லை. முதல் ஸ்டாப் வந்தது. பின்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பேச்சியம்மன் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு, முழுசாக நின்றது. உள்ளே எல்லோரும் பயந்து போனார்கள். பஞ்சரா என்று ஒருத்தர் கேட்டார். முன்சீட்டில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடக்கிறார்களா என்று தேடினார். ஆரோக்கியதாஸ் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

பதினாலு ஸ்டாப்பிலும் இப்படி நின்றால் நேரம் என்னாவது? முதல் வாரத்திலேயே செம்பட்டி டைம் நாலு நிமிஷம் தப்பியது. முதலாளி சொன்ன ரெண்டில் ஒன்று போயிற்று. அடுத்த நாள் முதல் கண்ணுசாமி செம்பட்டியில் டீ குடிக்க இறங்கவில்லை. இருபது வருஷமாக அதே கடையில், அதே நாலு நிமிஷம். டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் போவதைப் பார்த்தார். வயிறு சரியில்லை என்று கண்ணுசாமி யாரிடமோ சொன்னாராம். வயிறு நன்றாகத்தான் இருந்தது. எலுமிச்சை சாதம் சாட்சி.

ஆரோக்கியதாஸ் காலையில் வீட்டு வாசற்படியிலும், சாயங்காலம் திண்டுக்கல் ஸ்டாண்டில் பஸ்ஸின் பின்படியிலும் நின்று எக்கி இறங்கினார். வீட்டில் அமலோற்பவம் எண்ணினார். ஸ்டாண்டில், மார்க்கெட்டில் வேலை முடிந்து வெறும் சாக்கோடு ஊர் திரும்பும் பெருமாயி எண்ணினார். விசில் அடித்த பாவத்துக்குப் பரிகாரம் என்று அவரே எடுத்துக்கொண்ட வேலை அது. வாழ்நாள் முழுக்கப் பூ விற்றவர் என்பதால் எண்ணிக்கை சுத்தம். ஆனால் பதினைந்தில் நிறுத்த மாட்டார்.

"பதினாலு, பதினஞ்சு. ம், கொசுறு ரெண்டு போடு."

"கொசுறெல்லாம் போடக் கூடாதுக்கா. கணக்காத்தான் செய்யச் சொல்லிருக்காக."

"கொசுறு போடாம எவன்யா வாங்குவான்? போடு."

மூன்றாவது வாரம் வலி கூடியது. கொசுறுதான் காரணம் என்று சத்யபிரியா கண்டுபிடித்துவிட்டார். கொசுறு நிறுத்தப்பட்டது. பெருமாயிக்கு அதில் மனவருத்தம். ரெண்டு நாள் எண்ண வரவில்லை. நாலாவது, அஞ்சாவது வாரங்களில் ஒன்றுமே மாறவில்லை. காலையில் சுவர், ஒன்பது மணிக்கு நிம்மதி, சாயங்காலம் படி. அமலோற்பவம் மறுபடியும் செங்கல்லைத் தேடினார். ஆறாவது வாரத்தில் ஒருநாள் ஆரோக்கியதாஸ் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பிடிக்காமலே வந்து சேர்ந்திருப்பதைக் கவனித்தார். திரும்பப் பாய் வரைக்கும் போய், மறுபடி நடந்து வந்து பார்த்தார். வாயில் பேஸ்ட் நுரையோடு சிரித்ததை அமலோற்பவம் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

எட்டாவது வாரம் கொய்யாப்பழம் வந்து கெடுத்தது. ஆயக்குடியில் இருந்து மதுரைக்குப் போன லாரி ஒன்றில் கயிறு அறுந்து, செம்பட்டி விலக்குக்கு முன்னால் பெட்டி பெட்டியாகக் கொய்யா ரோட்டில் உருண்டது. பஸ் நகர வழியில்லை. நகர வழி கிடைத்தபோது பஸ்ஸில் ஆள் இல்லை. அத்தனை பேரும் பொறுக்கப் போய்விட்டார்கள். லாரிக்காரருக்கு உதவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மடியில் கட்டினார்கள். ஆரோக்கியதாஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏற்றி முடிக்க ஒன்பது நிமிஷம். தப்பினால் இது ரெண்டாவது தடவை. கண்ணுசாமி வண்டியை விரட்டினார். இடையில் இருந்த ஒரே ஸ்டாப்பில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஓடுகிற வண்டியில் இருந்து குதித்து அள்ளிப் போட்டால் ஒருவேளை பிடித்துவிடலாம். ஆரோக்கியதாஸ் பையை முதுகுக்குத் தள்ளினார். இடது கையால் கம்பியைப் பிடித்தார். வலது பாதம் படியின் விளிம்புக்கு வந்தது. பதினாறு வருஷப் பழக்கம், அதுவாகவே வந்தது.

பஸ் நின்றது. ஸ்டாப்புக்கு நாற்பதடி முன்னாலேயே, நடு ரோட்டில், ஆணியடித்த மாதிரி நின்றது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். கண்ணுசாமி கண்ணாடியில் பின்படியைப் பார்த்தார்.

"ஏலே தாஸு. எறங்கி நட."

ஆரோக்கியதாஸ் இறங்கி, நாற்பதடி நடந்துபோய், பத்துப் பதினைந்து பேரையும் வரிசையாக ஏற்றினார். பின்னால் வந்த இன்னொரு கம்பெனி வண்டி ஒதுங்கி முந்திக்கொண்டு போனது. செம்பட்டி டைம் பதினொரு நிமிஷம் தப்பியது.

சாயங்காலம் வத்தலக்குண்டு ஸ்டாண்டில் இளஞ்செழியன் காரில் வந்து காத்திருந்தார். கூடவே பொம்மையனும் நின்றார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியதாஸுக்கு வணக்கம் சொல்லலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை. முதலாளி கேட்கும் முன்னாலேயே ஆரோக்கியதாஸ் பையைத் தோளில் இருந்து கழற்றினார். கொய்யாப்பழக் கதையைச் சொல்லவில்லை. சொன்னாலும் அது உண்மை மாதிரி இருக்காது.

கண்ணுசாமி சீட்டில் இருந்து இறங்கி வந்தார். முதலாளியிடம் அவர் பேசுவது வருஷத்துக்கு ரெண்டு தடவை, ரெண்டுமே டயர் பற்றி.

"கால் அவனுது, பிரேக்கு என்னுது. நிறுத்துனது நான்தான்."

கால் சரியாகிற வரைக்கும் பொம்மையன் பார்க்கட்டும், வண்டி நேரத்துக்கு ஓட வேண்டாமா என்று இளஞ்செழியன் கேட்டார்.

"பையத் தாராளமா மாத்துங்க. ஆனா பொம்மையன் வந்தாலும் இப்பிடித்தேன் நிப்பேன். ரெண்டு மாசமா நிறுத்திப் பழகிட்டேன். இந்த வயசுல இனி மாத்திக்க முடியாது. பாவம், அந்தப் பயலும் குதிச்சுக் காலக் கெடுத்துக்கணுமா?"

இளஞ்செழியன் கண்ணுசாமியைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், பொம்மையனைப் பார்த்தார். விபத்தே இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டிய டிரைவர் இப்போதெல்லாம் குதிரைக் கொம்பு. டிரைவர் எப்படியும் நிறுத்தத்தான் போகிறார் என்றால், நன்றாகக் குதிக்கிற கண்டக்டரை வைத்து என்ன செய்வது? ஆர்.டி.ஓ. ஆபீஸில் செம்பட்டி டைமை நாலு நிமிஷம் தள்ளிக் கேட்டுப் பார்க்கிறேன் என்று பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார். பொம்மையனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது பொம்மையன் வணக்கம் சொன்னார். பிறகு அவருக்குப் பழனி ரூட்டில் வேறு பை கிடைத்தது.

பை ஆரோக்கியதாஸின் கையிலேயே இருந்தது. கழற்றியதை மாட்ட வேண்டும் என்று தோன்ற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணுசாமியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கிட்டே போனார். கண்ணுசாமி டயரை உதைத்துப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாவது வாரம் சத்யபிரியா அவரை வலது காலில் மட்டும் நிற்க வைத்து, பதினைந்து தடவை எக்கச் சொன்னார். எக்கினார். ஒற்றைக்காலில் பத்துத் தடவை துள்ளச் சொன்னார். துள்ளினார். சுண்டைக்காய் மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலையில் முதல் ரெண்டடி மட்டும் கொஞ்சம் விறைப்பு, அது போக இன்னும் சில மாதம் ஆகலாம், வாரத்துக்கு மூன்று நாளாவது படிப் பயிற்சியை விடக்கூடாது என்றார். இனிமேல் அளவாகக் குதிக்கலாம் என்றும் சொன்னார்.

குதிக்கலாம். ஆரோக்கியதாஸ் அந்தச் சொல்லை மறுநாள் பஸ்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கால் தயாராக விளிம்புக்கு வந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் முழுசாக நின்றது. நிற்கிற பஸ்ஸில் இருந்து எப்படிக் குதிப்பது? மூன்றாவது சிங்கிளில் பொறுக்க முடியாமல் முன்னால் போய், கால் சரியாகிவிட்டது, இனி பழையபடி உருட்டலாம் என்று சொல்லிப் பார்த்தார். கண்ணுசாமிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இஞ்சின் சத்தம் அப்படி.

அடுத்து ஒரு ஸ்டாப். கைத்தடியோடு ஒரு தாத்தாவும், குழந்தையோடு ஒரு பெண்ணும் நின்றார்கள். பின்னால் வருகிற வண்டிதான் சீக்கிரம் போகும். ஆனாலும் இப்போதெல்லாம் இந்த மாதிரி ஆட்கள் பேச்சியம்மனுக்காகக் காத்திருக்கிறார்கள். பஸ் நின்றது. ஆரோக்கியதாஸ் இறங்கினார். முதல் படி, ரெண்டாம் படி, தரை. தாத்தாவின் கையைப் பிடித்தார்.

"என்னலே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி எறங்குறே," என்று முன்னால் இருந்து குரல் வந்தது. "வெரசா ஏத்துலே. நேரமாகுதுல்ல."